கப்பலை விற்று வாங்கிய கடற்கன்னி

சென்ற வாரம் யானையில் நிறுத்தியிருந்தோம். 1795 டிசம்பரில் கல்கத்தாவில் 'அமெரிக்கா' என்ற கப்பலில் ஏறிய அந்த இரண்டு வயதுக் குட்டி, 1796 ஏப்ரலில் நியூயார்க்கில் இறங்கியது. வாங்கிய விலை 450 டாலர். விற்ற விலை 10,000. வழியில் செயின்ட் ஹெலினா தீவில் தண்ணீர், பூசணி, முட்டைக்கோஸோடு யானைக்குத் தழையும் ஏற்றியதைக் கப்பல் அதிகாரி ஒருவர் குறித்துவைத்து, 'கப்பலில் யானை' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார். அவர் மகன்தான் பின்னாளில் பெரிய நாவலாசிரியரான நத்தானியேல் ஹாதார்ன்.

யானையைக் கொண்டுவந்த கேப்டன் கிரௌனின்ஷீல்டுக்கு அடித்தது யோகம். அப்படியொரு யோகத்தை நம்பிக் கப்பலையே தொலைத்த இன்னொரு அமெரிக்கக் கேப்டன் இந்த வாரம்.

பெயர் சாமுவேல் பேரட் ஈட்ஸ். 1822 ஜனவரியில் அவருடைய 'பிக்கரிங்' கப்பல் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் நின்றிருந்தது. 'அவருடைய' என்று சொன்னது பேச்சுக்குத்தான். எட்டில் ஒரு பங்குதான் அவருக்கு. மீதி ஏழும் ஸ்டீபன் எல்லரி என்ற பங்காளிக்கு. ஊரில் டச்சு வியாபாரிகளிடம் ஒரு கடற்கன்னி விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார். ஜப்பான் மீனவர்களிடமிருந்து வந்ததாம். போய்ப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே மனிதர் விழுந்துவிட்டார்.

விலை 5,000 ஸ்பானிய டாலர். கையில் அவ்வளவு பணம் இல்லை. கப்பலைச் சரக்கோடு 6,000 டாலருக்கு விற்றார், கடற்கன்னியை வாங்கினார், இன்னொருவர் கப்பலில் பயணியாக டிக்கெட் எடுத்து லண்டனுக்குக் கிளம்பினார். எல்லரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ஸ்பானிய டாலரும் அமெரிக்க டாலரும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பணத்துக்குப் பதினோரு யானைக்குட்டி வாங்கியிருக்கலாம், கையில் சில்லறையும் மிஞ்சியிருக்கும்.

கடற்கன்னி என்றதும் சினிமா போஸ்டர் ஏதாவது மனதில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இது சுமார் மூன்றடி நீளம். கருவாடு மாதிரி காய்ந்து கறுத்த உடம்பு. வாய் பிளந்து பல் தெரியும். ஒரு கை கன்னத்தில், மற்றது தாடைக்குக் கீழே. துடிதுடித்துச் செத்தது போன்ற முகம். ஓவியர் ஜார்ஜ் குருக்ஷாங்க் அந்த ஆண்டே இதை வரைந்திருக்கிறார். ராத்திரியில் பார்க்கக்கூடாத படம்.

லண்டன் போகும் வழியில் கேப் டவுனில் இறங்கி அங்கேயும் காட்டினார் ஈட்ஸ். அங்கிருந்த லண்டன் மிஷனரி சங்கத்து ஜான் பிலிப் பாதிரியார் பார்த்துவிட்டு, 'இருக்கிறது, என் கண்ணால் கண்டேன்' என்கிற தோரணையில் ஊருக்குக் கடிதம் போட, அது லண்டனில் அச்சேறியது. படித்தவர், அதிலும் பாதிரியார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? செப்டம்பரில் கேப்டன் லண்டனில் இறங்கும் முன்பே ஊர் தயாராக இருந்தது.

சுங்க அதிகாரிகள் முதலில் பொருளைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் எவரார்ட் ஹோம் என்ற பிரபல அறுவை மருத்துவர், தன் உதவியாளர் வில்லியம் கிளிஃப்டை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். கிளிஃப்ட் எலும்புகளோடு வாழ்ந்தவர். மண்டை ஓடு ஓராங்குட்டானுடையது என்றார். பற்களும் தாடையும் பபூன் குரங்கினுடையவை. கண்கள் செய்து வைத்தவை. முன்கை மனிதக் கையின் அளவுக்கு வரட்டும் என்று எலும்பை ரம்பத்தால் அறுத்துக் குறைத்திருக்கிறார்கள். நகமோ கொம்பு அல்லது இறகின் காம்பு. மார்புக்குக் கீழே தோலில் ஒரு மடிப்பு. குரங்கு முடிந்து மீன் தொடங்கும் தையலை மறைக்க அது. அதற்குக் கீழே முழுக்க ஒரு பெரிய மீன்.

ஈட்ஸ் இதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் டர்ஃப் காபி ஹவுஸில் காட்சிக்கு வைத்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கூட்டம் வந்தது. கூட்டத்தைப் பற்றிய செய்தி பங்காளி எல்லரிக்கும் வந்தது. என் கப்பல் பணத்தில் வாங்கிய பொருளை இவர் எங்கேயும் கொண்டுபோகவோ விற்கவோ கூடாது என்று அவர் நீதிமன்றம் போனார். வழக்கு வந்தது லார்ட் சான்ஸலர் எல்டனிடம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிபதி. பொருள் அசலா போலியா என்ற சர்ச்சைக்குள் அவர் போகவே இல்லை. சொத்து என்றால் சொத்துதான். தடை உத்தரவு கொடுத்துவிட்டார்.

ஈட்ஸை ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கடலோடியின் சங்கடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்புகிறவன் எதைச் சொன்னாலும் 'கப்பல்காரன் அளக்கிறான்' என்று ஊர் சிரிக்கும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சியாகக் கையில் ஒரு பொருள் வேண்டும். திமிங்கலப் பல், ஆமை ஓடு, ஒரு கிளிக்கூண்டு, எதுவானாலும் சரி.

இந்தச் சங்கடத்துக்கு ஒழுங்கான வழி கண்டவர்கள் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்துக்காரர்கள் (நம் சேலம் வேறு, இங்கே மாம்பழம் கிடையாது). 1799இல் அவர்கள் கிழக்கிந்தியக் கடல் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். நன்னம்பிக்கை முனையையோ கேப் ஹார்னையோ தாண்டிப் போய்வந்த கேப்டனும், கப்பல் சரக்குக்குப் பொறுப்பான வணிக அதிகாரியும்தான் உறுப்பினர். சுமத்ராவில் மிளகு ஏற்றிப் பெரும் லாபம் பார்த்த ஜோனதன் கார்ன்ஸ் முதல் ஆளாக, இரண்டு தண்டு வைத்த புகைக்குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கல்கத்தா வணிகர்களின் ஆளுயரக் களிமண் சிலைகள்கூட, நிஜத் துணி உடுத்தி, அங்கே போய் நின்றன. 1825இல் சங்கத்தின் புதுக் கட்டடத் திறப்புக்கு ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸே வந்தார். எந்தப் பொருளை யார், எங்கிருந்து கொண்டுவந்தார் என்று எழுதிவைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். 1821இல் பட்டியலை அச்சிட்டேவிட்டார்கள். ஈட்ஸ் கடற்கன்னி வாங்குவதற்கு ஒரு வருஷம் முன்பு.

பட்டியலில் பொதுவாக இல்லாத ஒரு பெயர் உண்டு. பொருளைச் செய்தவர் பெயர்.

'மாலுமியின் காதலர் பரிசு' என்று அருங்காட்சியகங்களில் ஒரு வகைப் பெட்டி வைத்திருப்பார்கள். எட்டு மூலை மரப்பெட்டி, கீல் வைத்து இரண்டாகத் திறக்கும். கண்ணாடிக்கு அடியில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சிப்பிகள் ரோஜாவாக, இதயமாக, நட்சத்திரமாக ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் சிப்பியாலேயே 'மறவாதே' என்று எழுத்து. நடுக்கடலில் காற்று விழுந்து கப்பல் அசையாமல் கிடக்கும் நாட்களில், காதலியை நினைத்து மாலுமி ஒவ்வொரு சிப்பியாக ஒட்டினான் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அழகான கற்பனை. ஆடும் கப்பலில் கடுகளவு சிப்பியைக் கோந்தில் ஒட்டிப் பார்த்தால் தெரியும்!

1961இல் ஜூடித் கூலிட்ஜ் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இதை உடைத்தார். சிப்பிகள் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவை. பழுதுபார்க்கப் பிரித்த ஒரு பெட்டிக்குள் பார்படோஸ் செய்தித்தாள் கிடைத்தது. அந்தத் தீவின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் பெல்கிரேவ் சகோதரர்கள் வைத்திருந்த வேடிக்கைப் பொருள் கடையில் இவை தயாராக விற்பனைக்கு இருந்திருக்கின்றன. 'பார்படோஸின் பரிசு' என்று எழுதிய பெட்டிகளே உண்டு. மாலுமி கடைக்குப் போனான், காசு கொடுத்தான், வாங்கினான். கன்னியாகுமரிக் கடற்கரையில் சிப்பியில் பெயர் எழுதி வாங்கிய யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. பெட்டியில் சிப்பி ஒட்டிய உள்ளூர்க் கைகள் யாருடையவை என்று ஒரு பெட்டியும் சொல்வதில்லை.

கடற்கன்னியும் அப்படித்தான். ஜப்பான் அப்போது வெளியாருக்குக் கதவடைத்திருந்த நாடு. ஐரோப்பியரில் டச்சுக்காரர்கள் மட்டும் நாகசாகியை ஒட்டிய டெஜிமா என்ற செயற்கைத் தீவில் இருந்து வியாபாரம் பண்ணலாம். அந்த வாசல் வழியாகத்தான் இந்தக் கைவேலை பட்டேவியாவுக்கு வந்துசேர்ந்தது. ஜப்பானிலேயே இவற்றைக் காசு வாங்கிக் காட்டும் வேடிக்கைக் கொட்டகைகள் அன்று இருந்தன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இதே ரகத்தில் ஒன்று இருக்கிறது. குரங்கும் மீனும் சேர்த்துத் தைத்தது என்றே பதிவேட்டில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது உள்ளே குரங்கே இல்லை. மீன், மரம், கம்பி, களிமண், காகிதக் கூழ். குரங்கு என்று நினைத்ததுகூட ஏமாற்று! அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடத்தான் தோன்றுகிறது.

ஈட்ஸ் என்ன ஆனார்? மோகம் தீர்ந்ததும் லண்டன் வேறு வேடிக்கை தேடிப் போய்விட்டது. அவர் மறுபடி கடலுக்குப் போய், உழைத்துக் கடனைத் தீர்க்கப் பார்த்தார் என்றும், சாகும்போது அவரிடம் இருந்த ஒரே சொத்து இந்தக் கடற்கன்னிதான் என்றும், நியூயார்க்கில் வேடிக்கை அருங்காட்சியகம் நடத்திய பி.டி. பார்னம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பார்னம் சொல்வதைப் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1822 பட்டேவியாவை அவர் 1817 கல்கத்தா ஆக்கியவர்.

ஈட்ஸின் மகன் அதைப் பாஸ்டனில் மோசஸ் கிம்பால் என்ற அருங்காட்சியகக்காரரிடம் விற்றார். 1842இல் கிம்பாலிடமிருந்து பார்னம் வாடகைக்கு எடுத்தார். நியூயார்க் முழுக்க அழகிய பெண்ணுடலும் மீன்வாலுமாகப் படம் போட்டு ஒட்டினார். தன் ஆள் ஒருவனை 'டாக்டர் கிரிஃபின்' என்ற இயற்கை ஆராய்ச்சியாளராக்கி மேடையேற்றினார். அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் அவருடைய அருங்காட்சியகத்தின் வசூல் 1,272 டாலர். கடற்கன்னி வந்த நான்கு வாரத்தில் 3,341. கிம்பாலுக்கு அவர் கொடுத்த வாடகை, வாரத்துக்குப் பன்னிரண்டரை டாலர்.

(தொடரும்)