உள்ளாட்சிகளின் தொழில் ஈர்ப்புப் பணி

நகராட்சி, மாவட்ட ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் ஊரின் வசதிகளை எடுத்துச் சொல்லி, வெளியூர் நிறுவனங்களைத் தொழில் தொடங்க அழைப்பது தொழில் ஈர்ப்புப் பணி எனப்படும். ஒரே தொழிலை நம்பியிருந்து, அது நலிந்தோ போதாமலோ போன ஊர்கள் பல இப்பணியில் இறங்கின.

வகைகள்

இதில் நான்கு வழிகள் உண்டு. ஊரின் பெயரைப் பரப்பும் விளம்பரம் முதலாவது. குறிப்பிட்ட நிறுவனத்தைத் தேடிச் சென்று பேசும் நேரடி அழைப்பு இரண்டாவது. வரி விலக்கு, குறைந்த வாடகை போன்ற சலுகைகள் மூன்றாவது. சாலை, தண்ணீர், மின்சாரம் அமைந்த மனையையும் பயிற்சி பெற்ற ஆட்களையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் ஆயத்தம் நான்காவது. ஊருக்கு நிலையான பயன் தருவது இந்த நான்காவது வழியே.

தொடக்கம்

இங்கிலாந்தில் இலண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் முன்னோடி ஊர்களில் ஒன்று. வைக்கோல் தொப்பித் தயாரிப்பே அதன் அன்றைய பிழைப்பு. அது பருவத்துக்கு மட்டும் நடக்கும் வேலை. பெரும்பாலும் பெண்களுக்கே கிடைத்தது. ஆண்களுக்கும் ஆண்டு முழுவதும் வேலை வேண்டும் என்பதற்காக, நகர மன்றமும் வணிகர் சங்கமும் 1900-ஐ ஒட்டிப் புதுத் தொழில்களுக்கான குழு ஒன்றை அமைத்தன. குறைந்த விலை நிலம், இலண்டனுக்கு ரயில், மலிவான மின்சாரம் ஆகியவற்றை அக்குழு முன்னிறுத்தியது. நகராட்சியின் மின் நிலையம் 1901-ல் திறக்கப்பட்டது. 1905-ல் கார் தயாரிக்கும் வாக்ஸ்ஹால் நிறுவனம் இலண்டனிலிருந்து லூட்டனுக்கு இடம் பெயர்ந்தது. தொப்பி ஊர் மோட்டார் வாகன ஊராயிற்று. அங்கிருந்த வாக்ஸ்ஹால் வேன் ஆலை 2025 மார்ச்சில் மூடப்பட்டது.

மிசிசிப்பி முறை

இப்பணியைச் சட்டமாக்கிய பெருமை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்கு உரியது. கொலம்பியா என்ற சிற்றூரின் மேயர் ஹியூ ஒயிட், மர வியாபாரி. சுற்றுவட்டாரக் காடுகள் வெட்டித் தீர்ந்ததும் மர அறுவை ஆலைகள் ஓய்ந்தன. ஊராரிடம் பணம் திரட்டிக் கட்டடம் எழுப்பித் தருவதாகச் சொல்லி, சிகாகோவைச் சேர்ந்த ரிலையன்ஸ் என்ற ஆடை நிறுவனத்தை அவர் அங்கே வரவழைத்தார். 1936-ல் மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற ஒயிட், அதே முறையை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். ‘வேளாண்மையும் தொழிலும் சமமாக’ என்பது அத்திட்டத்தின் கருத்து.

திட்டம் நடந்த விதம் இது: ஒரு நகராட்சி முதலில் மாநிலத் தொழில் ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பிறகு ஊர் மக்களிடையே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால், நகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டுத் தொழிற்சாலைக் கட்டடம் கட்டலாம். அதை நிறுவனத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடலாம். கட்டடம் நகராட்சியின் சொத்தாகவே இருப்பதால் அதற்குச் சொத்து வரி கிடையாது. பதிலுக்கு நிறுவனம், ஆண்டுதோறும் இவ்வளவு சம்பளம் வழங்குவோம் என்று உறுதி தர வேண்டும்.

டியூரன்ட் என்ற ஊர் காலுறை ஆலைக்காக இத்திட்டத்தை முதலில் கையாண்டது. நாச்செஸில் டயர் தொழிற்சாலையும், பாஸ்ககூலாவில் 1938-ல் இங்கால்ஸ் கப்பல் கட்டும் தளமும் வந்தன. தனியார் தொழிலுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி வினோனா நகர வழக்கில் எழுந்தது. வேலையின்மையைப் போக்குவது பொதுநலனே என்று 1938-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1940-ல் முடிவுக்கு வந்த சட்டம் 1944-ல் மீண்டும் வந்தது. பின்னர் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின.

குறைந்த கூலியையும் தொழிற்சங்கமின்மையையும் காட்டியே இந்த ஊர்கள் நிறுவனங்களை அழைத்தன. புதிய வேலைகளும் பெரும்பாலும் வெள்ளையருக்கே போயின. கடனைச் சுமந்த ஊரில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு இது அநீதி.

பிற்காலம்

2017-ல் அமேசான் தன் இரண்டாம் தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 விண்ணப்பங்கள் வந்தன. அரிசோனாவின் டூசானிலிருந்து 21 அடி உயரக் கள்ளிச்செடி பரிசாக அனுப்பப்பட்டது. ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட் நகர மன்றம், 345 ஏக்கரைப் பிரித்து ‘அமேசான்’ என்றே பெயரிட முன்வந்தது. இரண்டு ஊர்களுமே தேர்வாகவில்லை. தேர்வான நியூயார்க்கில் சலுகைகளுக்கு எதிர்ப்பு வலுத்ததால், 2019 பிப்ரவரியில் நிறுவனம் அங்கிருந்து விலகியது. உடன் தேர்வான வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் நிலைத்தது.

சலுகை பெற்ற நிறுவனங்களில், அச்சலுகையாலேயே இடத்தை முடிவு செய்தவை 2 முதல் 25 விழுக்காடு வரையே என்று பொருளியலாளர் டிமதி பார்டிக் 2018-ல் மதிப்பிட்டார். மற்றவை சலுகை இல்லாமலும் வந்திருக்கும்.

தமிழ்நாடு

இங்கு இப்பணியை மாநில அரசே பெரிதும் செய்கிறது. மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகமான சிப்காட் 1971-லும், முதலீட்டாளர்களுக்கு உதவும் ‘வழிகாட்டி’ நிறுவனம் 1992-லும் தொடங்கப்பட்டன. உலக முதலீட்டாளர் மாநாடுகள் 2015, 2019, 2024-ல் நடந்தன. நகராட்சிகளின் பங்கு சிறிது.

மதிப்பீடு

முழக்கமும் பரிசும் செய்தித்தாளில் இடம் பிடிக்கும். தொழிற்சாலை கேட்பது நிலம், தண்ணீர், மின்சாரம், தேர்ந்த ஆட்கள். தொழில் வளர விரும்பும் நகராட்சி முதலில் தன் காலி மனைகளின் பட்டியலையும், தரக்கூடிய தண்ணீரின் அளவையும், உள்ளூர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பவர்களின் விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். வரிச்சலுகை பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வர வேண்டும்.