நாய்களின் வெளிச்செவி அழற்சி

வெளிச்செவி அழற்சி என்பது நாயின் செவிமடலுக்கும் செவிப்பறைக்கும் இடைப்பட்ட குழலின் தோல் சிவந்து தடித்து, அரிப்பும் வலியும் நாற்றமும் கசிவும் தோன்றும் நிலையாகும். நாயின் செவிக்குழல் முதலில் செங்குத்தாகக் கீழிறங்கிப் பின்னர் உள்நோக்கி மடங்குவதால், குறும்பியும் ஈரமும் எளிதில் வெளியேறாமல் அம்மடக்கில் தங்கிவிடுகின்றன. தொங்கு காதுள்ள காக்கர் ஸ்பானியலிலும், குழலுக்குள் மயிர் வளரும் பூடிலிலும் இத்தொல்லை மிகுதி.

குட்டிகளில் இதற்கு முதன்மையான காரணம் ஓட்டோடெக்டெஸ் சைனோட்டிஸ் என்னும் காதுச் சிற்றுண்ணி. இது தோலைத் துளைக்காமல் மேற்பரப்பிலேயே வாழ்ந்து, காப்பித்தூள் போன்ற கரும்பழுப்புக் கசடை உண்டாக்குவதுடன், நெருங்கிப் பழகும் பிற நாய்களுக்கும் பூனைகளுக்கும் விரைவில் தொற்றுகிறது. வளர்ந்த நாய்களில் ஒவ்வாமையே பெரும்பாலும் அடிப்படைக் காரணமாக இருக்க, அழற்சியுற்ற தோலில் மலசீசியா என்னும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பின்னர் பெருகுகின்றன. இவற்றை மட்டும் அழித்து ஒவ்வாமையைக் கவனியாது விட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும். ஓயாது தலையை உதறுவதாலும் சொறிவதாலும் செவிமடலின் இரத்தக்குழாய்கள் சிதைந்து, அது இரத்தம் கோத்து வீங்குவதும் உண்டு.

கசிவின் நிறத்தைக் கொண்டே காரணத்தை முடிவு செய்ய இயலாது. கசடை நுண்ணோக்கியில் ஆராய்வதும், ஒளியுடைய செவிநோக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்ப்பதும் இன்றியமையாதவை. செவிப்பறை கிழிந்திருப்பின் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உட்செவியை எட்டிக் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும் என்பதால், முந்தைய நோய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைத் தாமாக ஊற்றுவது பெருந்தவறு. பஞ்சுக்குச்சி கசடை உள்ளே தள்ளிவிடும். ஸ்பிரிட்டோ புண்ணான தோலை எரிக்கும். சிற்றுண்ணி முட்டையிலிருந்து முதிர்ச்சியடைய ஏறத்தாழ 3 வாரங்கள் ஆவதால், அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல் உடன் வாழும் விலங்குகளுக்கும் சேர்த்தே மருத்துவம் செய்ய வேண்டும்.

தெருவில் கண்டெடுக்கப்பட்ட நாயின் காதில் சிற்றுண்ணியுடன் உண்ணியும், புல்விதையும், ஆறாப் புண்ணும் ஒருங்கே இருக்கலாம். தலை ஒரு பக்கம் சாய்ந்தோ நடை தள்ளாடியோ இருந்தால் நோய் நடுச்செவியையோ உட்செவியையோ எட்டியிருக்கக்கூடும் என்று கருதி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். காதைத் தொட்டால் வலி தாங்காமல் கடிக்கும் நாயை மூர்க்கமானது என்று விரட்டுவது அநீதி. ஆயினும் ரேபிஸ் பரவியுள்ள இந்தியா போன்ற நாட்டில், கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்வதில் எவ்விதத் தளர்வும் கூடாது. கண்டெடுத்த நாயை வீட்டு விலங்குகளிடமிருந்து தொடக்கத்தில் தனித்து வைப்பது நலம். செவிமடலின் ஓரத்தில் சீராக வெட்டப்பட்ட பிளவு காணப்பட்டால் அதைக் காயம் என்று எண்ண வேண்டியதில்லை. கருத்தடை செய்து ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்ட தெருநாய்க்கு இந்தியாவில் இடப்படும் அடையாளம் அது. அத்தடுப்பூசியின் காப்பு காலப்போக்கில் குறைவதால், போட்ட நாள் தெரியாதபோது மீண்டும் போடுவதே முறை.