ஹொக்ஸ்கூலே என்றால் குறைவா?



“ஹொக்ஸ்கூலேயா? பல்கலைக்கழகம் கிடைக்கவில்லையா?” தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகளிடம் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி இது. என்னிடமும் கேட்டார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

ஒஸ்லோ பல்கலைக்கழகம் 1811இல் நிறுவப்பட்டது. நோர்வேயின் முதல் பல்கலைக்கழகம் அதுதான். ஆனால் தாதியர் கல்வி அங்கே பிறக்கவில்லை. கத்திங்கா குல்ட்பர்க் என்ற பெண் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்று வந்து, 1868இல் இந்த நகரில் திருச்சபைச் சகோதரிகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். நாட்டின் முதல் தாதியர் பயிற்சி அங்கேதான் நடந்தது. இன்றைய லொவிசன்பர்க் ஹொக்ஸ்கூலே அதன் வழி வந்தது.

1994இல் 98 சிறு கல்லூரிகளை இணைத்து 26 அரச ஹொக்ஸ்கூலேக்கள் ஆக்கினார்கள். அவற்றில் ஒன்றான ஒஸ்லோ ஹொக்ஸ்கூலே 2011இல் ஆகர்ஸ்ஹூஸ் ஹொக்ஸ்கூலேயுடன் சேர்ந்தது. 2018இல் ஒஸ்லோமெட் பல்கலைக்கழகம் ஆனது.

அப்படியானால் வித்தியாசம் என்ன? பல்கலைக்கழகம் எந்த மட்டத்திலும் புதிய படிப்பைத் தானே தொடங்கலாம். ஹொக்ஸ்கூலே இளமாணிப் படிப்பைத் தானே தொடங்கலாம். அதற்கு மேலே பொதுவாக நொகுட் அமைப்பின் அனுமதி வேண்டும்.

தாதியர் இளமாணிப் படிப்போ இரண்டிலும் மூன்று ஆண்டுகள், 180 புள்ளிகள், ஒரே தேசிய வழிகாட்டல். முடித்ததும் கிடைக்கும் தொழில் அனுமதியும் ஒன்றே. எங்கே படித்தாய் என்று எந்த நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை.

ஏப்ரல் 15க்குள் விண்ணப்பிக்கும்போது, வாசற்பலகையைப் பார்க்காமல் படிப்பைப் பாருங்கள்.