மானெக்ஷாவும் காத்திருந்தார்

பெரியகுளம் தென்கரையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ராணுவ அதிகாரித் தேர்வில் தேறி எட்டு மாதமாகிறது. பயிற்சியில் சேரச் சொல்லிக் கடிதம் வரவில்லை. "வயசு ஓடுதே சார், வேற வேலைக்கு அனுப்பிடவா?" என்று அவன் அப்பா கேட்டார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது சொல்தாக்கள் சொன்ன படைக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். ஆகவே அவருக்கும் ஒரு படைக்கதையே சொன்னேன்.

டேராடூன் ராணுவ அகாடமி 1932 அக்டோபரில் 40 பேரோடு தொடங்கியது. அந்த முதல் அணியில் படித்து முடித்தவர்கள் 22 பேர்தான். அவர்களில் ஒருவர் சாம் மானெக்ஷா. 1935 பிப்ரவரியில் அதிகாரியானார். ஆனாலும் உடனே இந்தியப் படைப்பிரிவு கிடைக்கவில்லை. புது அதிகாரிகள் முதலில் ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவில் பழக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். லாகூரில் ராயல் ஸ்காட்ஸ் பிரிவில் இருந்துவிட்டுத்தான் பிரான்டியர் போர்ஸ் ரெஜிமென்ட்டுக்குப் போனார். 1971 போரில் அவரே தரைப்படைத் தளபதி. 2008-ல் நம் நீலகிரி வெலிங்டனில் காலமானார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் காத்திருந்த காலத்துக்குச் சம்பளம் உண்டு. பணிமூப்பையும் 1934 பிப்ரவரி 4 முதலே கணக்கிட்டார்கள். சர்வீஸ் ரிஜிஸ்டர் எழுதியே காலம் தள்ளிய எனக்கு அதன் அருமை தெரியும். எங்கள் தெருப் பையனுக்கு இரண்டும் இல்லை.

"கடிதம் வர்ற வரைக்கும் இங்கேயே ஒரு வேலை பார்க்கட்டும். பட்டாளத்து ஆசையை மட்டும் விடச் சொல்லாதீங்க" என்றேன்.

இன்று காலையிலும் வராக நதிப் பாலத்தில் அவன் ஓடிக்கொண்டிருந்தான்.