சயாம் ரயிலில் போன ராணிகள்

ஜான்சி ராணிப் படை, அதாவது போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெண்கள் படை, என்றதும் எல்லாருக்கும் கேப்டன் லட்சுமியின் முகம்தான் நினைவுக்கு வரும். வரட்டும், அந்த அம்மாவுக்கு அது தகும். சென்னையில் டாக்டருக்குப் படித்து, 1940-ல் சிங்கப்பூர் வந்து, ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் மேல்தான் கண் போகிறது. அவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். எந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்தார்களோ, அந்த நாட்டைப் பலர் கண்ணால் கண்டதே இல்லை.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1943 ஜூலை 2. ஒரு வாரத்தில், 9-ஆம் தேதிப் பொதுக்கூட்டத்திலேயே, பெண்களுக்கும் ஒரு படை வேண்டும் என்று சொல்லிவிட்டார். 12-ஆம் தேதி பெண்கள் கூட்டத்துக்கு அவர் வந்தபோது லட்சுமி இருபது பெண்களை நிறுத்தி அணிவகுப்பு மரியாதை கொடுத்தார். கட்டியிருந்தது சேலை, கையிலிருந்தது ஆண் சிப்பாய்களிடம் இரவல் வாங்கிய .303 துப்பாக்கி. ஏறத்தாழ நாலு கிலோ கனம். பயிற்சிக்குக் கிடைத்ததோ சில நாள்தான்.

அக்டோபர் 22-ல் வாட்டர்லூ தெருவில் முகாம் திறந்தார்கள். சேலை போய் ஜோத்பூர் கால்சட்டையும் புஷ் சட்டையும் வந்தன. துப்பாக்கி, பயனெட், கையெறிகுண்டு, இயந்திரத் துப்பாக்கி என்று ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் இவர்களுக்கும். கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். பாடமும் அதே மொழிதான், எழுத்து மட்டும் ரோமன். தமிழிலேயே கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் அதில் உண்டு. நான் வாத்தியாராக இருந்தவள். அந்த வகுப்பில் பாடம் எடுத்தவர் பட்ட பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துச் சண்டைக்குப் போக, கல்யாணம் ஆகாதவள் அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும், ஆனவள் புருஷனிடம் வாங்க வேண்டும்! கோலாலம்பூரில் பதினெட்டு வயது ஜானகி, கூட்டத்தில் போஸ் பேசியதைக் கேட்டதும் போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். வீட்டில் அப்பா மசியவில்லை. லட்சுமியையே வீட்டுக்குத் தேநீருக்கு வரவழைத்துப் பேச வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்.

ஜானகி வசதியான வீட்டுப் பெண். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, போனவர்களின் கதை வேறு. போஸின் பேச்சு ஒன்றே அவர்களை இழுத்தது என்று நான் நம்பவில்லை. தோட்டத்தில் ஒருநாள் காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்றவளுக்கு வேறு காரணங்களும் தெரியும். 1930-களில் தோட்டக்கூலி ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40. மரமும் அதே மரம், பால் பிடிக்கும் மங்கும் அதே மங்கு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது கூலி உயர்வோடு இன்னும் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம். எங்கள் பெண்கள் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. பதிலுக்குப் பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த ஆண்டிலேயே அந்தத் துரைகளை ஜப்பான்காரன் ஓட ஓட விரட்டினான். அப்படிப் பார்த்திருந்தவர்களுக்கு வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்குவது அதிசயமாகவா இருந்திருக்கும்?

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை, வேலையில்லை, அரிசியில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறு. அதோடு பர்மாவுக்குப் போகும் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டம் தோட்டமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்களில் காலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் ஏராளம். அந்த 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பான்காரர்கள் முறைப்படி திறந்துவைத்த நாள் 1943 அக்டோபர் 25, அதாவது வாட்டர்லூ தெரு முகாம் திறந்து மூன்றாம் நாள். மறு ஆண்டு ராணிப் படைப் பெண்கள் பர்மாவுக்குப் போனதும் அதே பாதையில்தான். தண்டவாளத்துக்கு இருபுறமும் புதைந்து கிடந்தவர்கள் அவர்கள் ஊர்க்காரர்கள். புதைத்த ஜப்பான்காரனோ போஸின் கூட்டாளி. எங்கள் பக்கத்தில் நேதாஜி படமும் மாலையும் இல்லாத பழைய வீடு குறைவு. சயாமில் ஆள் சாகாத குடும்பமும் குறைவு. இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் பெரியவர்களை நான் பார்த்ததில்லை. வரலாறு எழுதுகிறவர்களும் இந்த இடத்தில் நழுவிவிடுகிறார்கள் என்பது என் குறை.

பர்மாவில் அவர்கள் முன்னணிப் போரில் இறங்கவில்லை. இந்திய எல்லையில் இம்பால் மேல் நடத்திய தாக்குதல் தோற்றதால், மேமியோ போனவர்கள் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவப் பணி செய்தார்கள். சுடாத படை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆயிரம் பேர் என்ற பழைய கணக்கையும் பிற்கால ஆய்வு பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. இருக்கட்டும். 1945 ஏப்ரல் 24-ல் ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது மேலே பிரிட்டிஷ் விமானம், கீழே சேறு. பகலில் ஒளிந்து இரவில் நடந்து சித்தாங் ஆற்றைக் கடந்தார்கள். ஜானகி அந்தப் பெண்களை நடத்திக்கொண்டு வந்தார். போஸும் கூடவே நடந்தார். அதற்கு முன்பே ரயிலில் திருப்பி அனுப்பப்பட்ட குழுவைக் கெரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் இறந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் படையைக் கலைத்தார்கள். ஜானகி பின்னாளில் மலேசிய மேலவைக்குப் போனார், 2000-ல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. லயத்துப் பெண்கள் லயத்துக்கே திரும்பி, விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போனார்கள். அவர்களில் யாருக்கும் சிலை கிடையாது, பலருக்குப் பெயர்கூடப் பதிவில் இல்லை.

ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் சகோதரி பொன்னம்மாவோடு படைக்குப் போன ராசம்மா பூபாலன் ஆசிரியையானார். 1960-ல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கி, சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் பல ஆண்டு மல்லுக்கு நின்றார். எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து வகுப்பு ஆண் வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே சம்பளம். அது எப்படி வந்தது என்று அன்றைக்கு எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.