ஒரு கிட்டாருக்கு எத்தனை பேர்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொன்று, செக்ரோலில் விழுகிற ஒரு நாள் வேலை. சொன்ன கிலோ கொழுந்து இருந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று லயத்தில் கேட்டால், அது சம்பளத்தைப் பற்றிய கேள்வி.

மின்சார கிட்டாரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டு அர்த்தமும் எங்களுக்கு ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. ஃபெண்டரா, கிப்சனா என்று உலகம் முழுக்க சண்டை நடக்கிறது. உடப்புசல்லாவையில் நாங்களும் அந்தச் சண்டையைப் பிடிக்கிறோம். எது நல்ல கிட்டார் என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லலாம். ஆனா அதன் விலை எங்கிருந்து வருகிறது? தலையில் எழுதியிருக்கிற பேருக்கு எவ்வளவு, அதைச் செய்தவர் போட்ட பேருக்கு எவ்வளவு? இதுக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

பலகையும் தங்க நிறமும்

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனால் பழுதாகிற சாமானை எப்படிச் செய்தால் லேசாகத் திருத்தலாம் என்பது அவருக்குத் தெரியும். 1950இல் சந்தைக்கு வந்து, 1951இல் டெலிகாஸ்டர் என்ற பேரை எடுத்த அவருடைய கிட்டார் ஒரு தட்டையான பலகை. கழுத்தை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். கழுத்து வளைந்துபோனால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். விலை 189.50 டொலர்.

மிச்சிகனில் கலமாசூ நகரத்தில் இருந்த கிப்சன் 1902இல் தொடங்கிய கம்பனி. 1952இல் அவர்கள் கொண்டுவந்த லெஸ் போல் கிட்டாருக்கு மஹோகனி உடம்பு, மேலே வளைவாகச் செதுக்கிய மேப்பிள், பசை போட்டு ஒட்டிய கழுத்து, தங்க நிறப் பூச்சு. விலை 210 டொலர்.

கவனிங்க, வித்தியாசம் வெறும் 20 டொலர்தான். அப்போது அமெரிக்காவில் சட்டப்படி மிகக் குறைந்த சம்பளம் மணிக்கு 75 சதம். எட்டு மணித்தியாலத்தை ஒரு பேர் என்று கணக்கு வைத்தால், டெலிகாஸ்டருக்கு ஏறக்குறைய 32 பேர், லெஸ் போலுக்கு 35 பேர். அங்கே கடைசிப்படியில் இருந்த தொழிலாளி ஒன்றரை மாசச் சம்பளத்தில் அந்தக் காலத்தின் முதல்தர கிட்டாரை வாங்கியிருக்கலாம்.

விலை வேற, மதிப்பு வேற

1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த, வெயில் மங்குகிற மாதிரி நிறம் பூசிய லெஸ் போல் சரியாக விற்கவில்லை. 1961இல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். பிறகு எரிக் கிளாப்டன் மாதிரியான இங்கிலாந்து இளைஞர்கள் இந்தப் பழைய கிட்டாரை எடுத்து வாசித்தார்கள். 1966இல் ஜோன் மேயோலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு அவர் வாசித்த இசைத்தட்டு வந்ததும் எல்லாருக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்றாகிவிட்டது. விலைபோகாமல் கிடந்த அதே கிட்டார் இன்றைக்கு லட்சக்கணக்கான டொலருக்குப் போகிறது. மரம் மாறவில்லை, கம்பியும் மாறவில்லை. அதைத் தொட்ட கைகளின் பேர் அதில் ஒட்டிக்கொண்டது.

ஃபெண்டர் பக்கத்தில் கதை வேறு மாதிரி. 1965இல் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் அந்தக் கம்பனியை 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கொஞ்ச வருஷத்தில், "தரம் இறங்கிப்போச்சு" என்று வாசிக்கிறவர்கள் பேச ஆரம்பித்தார்கள். "சிபிஎஸ்ஸுக்கு முந்தியது" என்பதே பழைய கிட்டாருக்குத் தனி விலை போடுகிற முத்திரையாகிவிட்டது.

நகல் அசலாகிய கதை

1970களில் ஜப்பான் உள்ளே வருகிறது. மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் ஆலை, ஐபனீஸ், கிரெக்கோ என்ற பேர்களில் அமெரிக்க கிட்டார்களைப் பார்த்து அச்சொட்டாகச் செய்தது. விலை குறைவு. வேலைப்பாடு போகப் போகத் திருத்தமாக வந்தது. 1977இல் கிப்சனின் தாய்க் கம்பனி நோர்லின், ஐபனீஸை அமெரிக்காவில் விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. வழக்கு சத்தத்தைப் பற்றியது இல்லை, கிட்டாரின் தலை வடிவத்தைப் பற்றியது. கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே பேசி முடித்தார்கள்.

ஃபெண்டர் வேற வழி எடுத்தது. 1982இல் ஜப்பான் வியாபாரிகளோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, அதே ஃபுஜிஜென் ஆலையில் வேலையைக் கொடுத்தது. அந்த வருஷமே ஸ்குவையர் என்ற மலிவான வரிசையும் வந்தது. நேற்று வரைக்கும் நகல் செய்த அதே கைகள், இன்றைக்கு அசல் செய்கின்றன. வித்தியாசம் தலையில் ஒட்டிய பேர் மட்டும்தான்.

1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. ஜப்பானில் செய்வது கட்டுபடியாகவில்லை. வேலை கொரியாவுக்குப் போனது. கொரியாவில் தொழிலாளர்கள் போராடிச் சம்பளத்தைக் கூட்டிக்கொண்டார்கள். வேலை சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போனது. எங்கே சம்பளம் ஏறுகிறதோ, அங்கிருந்து கிட்டார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

கொரியாவின் கோர்டெக் கம்பனியை இதற்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். பெரிய பெரிய பேர்களுக்கு கிட்டார் செய்து கொடுத்த அந்தக் கம்பனி, 2007 முதல் கொரிய ஆலைகளில் ஆட்களை நிறுத்தி ஆலைகளை மூடியது. வெளிநாட்டு ஆலைகளில் உற்பத்தி தொடர்ந்தது. வெளியே தள்ளப்பட்டவர்கள் போராடினார்கள். ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை. 2019 ஏப்ரலில்தான் உடன்பாடு வந்தது. வருஷக்கணக்காக கிட்டார் செய்த அந்தத் தொழிலாளர்களில் சிலர், போராட்டக் கூடாரத்தில் இருந்துதான் கிட்டார் வாசிக்கவே பழகி, ஒரு இசைக்குழுவும் ஆரம்பித்தார்கள்.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு 2018 ஒக்டோபர் ஞாபகம் வந்தது. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு காலிமுகத்திடலில் கூடிய நாள். அந்த ஆயிரம் ரூபாய் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது.

எங்கள் கணக்கு

இப்போ நம்ம பக்கம் வருவோம். 2024 செப்டம்பரில் தோட்டத்தின் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. டொலர் அப்போது ஏறக்குறைய 300 ரூபாய். அமெரிக்கக் கடை விலையை மட்டும் வைத்துப் பார்ப்போம். கப்பல் கூலி, வரி, கடைக்காரர் லாபம் எதையும் சேர்க்கவில்லை.

2023இல் வந்த ஸ்குவையர் சோனிக் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 200 டொலர்: 44 பேர். 2020இல் வந்த எபிஃபோன் லெஸ் போல் ஸ்டாண்டர்ட் 600 டொலர்: 133 பேர். அதே வருஷத்து அமெரிக்க ஃபெண்டர் புரொஃபெஷனல் வரிசை சுமார் 1,500 டொலர்: 333 பேர். 2019இல் வந்த கிப்சன் லெஸ் போல் ஸ்டாண்டர்ட் சுமார் 2,500 டொலர்: 555 பேர். சாப்பாடு, கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எதுவும் இல்லாமல், முழு வருஷமும் பேர் விழுந்தாலும் கிப்சனுக்குப் போதாது.

அந்த 200 டொலர் ஸ்குவையருக்கு, மணிக்கு 7.25 டொலர் வாங்குகிற அமெரிக்கத் தொழிலாளி நாலு நாள்கூட வேலை செய்யத் தேவையில்லை. ஒரே கிட்டார்தான். அங்கே நாலு பேர், இங்கே 44 பேர். 1951இல் அவர்கள் முதல்தர டெலிகாஸ்டருக்குக் கொடுத்ததைவிட, இன்றைக்கு நாங்கள் கடைசி வரிசை கிட்டாருக்குக் கூடக் கொடுக்கிறோம்.

2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாசத்தில் 360ஐத் தொட்டது. அப்போது சம்பளம் ஆயிரம். 40 பேருக்கு வாங்கியிருக்கக்கூடிய சாமான், இரண்டே மாசத்தில் 72 பேர் ஆனது. கிட்டாரில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

விலை கூடின கிட்டாரில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க ஃபெண்டரில் ஆல்டர் மரம், அல்னிகோ காந்தம் போட்ட பிக்கப், விளிம்பு திருத்திய ஃப்ரெட், சுருதி இறங்காத முறுக்காணி எல்லாம் இருக்கும். சோனிக்கில் பொப்லர் மரம், செராமிக் காந்தம். ஆனால் உடம்பையும் கழுத்தையும் இப்போது கணினி சொல்கிறபடி இயந்திரம் வெட்டுகிறது. கலிபோர்னியாவின் கொரோனா நகரத்தில் வெட்டினாலும் சுரபாயாவில் வெட்டினாலும் அளவு பிசகாது. 200க்கும் 1,500க்கும் இடையில் விலை ஏழரை மடங்கு ஏறுகிறது. சத்தம் ஏழரை மடங்கு ஏறாது.

நம்ம தோட்டங்களில் தப்பை யாரும் பேர் பார்த்து எடுப்பதில்லை. தீயில் காய்ச்சி, தட்டி, காதால் பார்ப்பார்கள். அதை அடிப்பவர்களின் சாதியைச் சொல்லி அந்த வாத்தியத்தையே தாழ்த்தி வைத்த வரலாறும் நமக்கு உண்டு. சத்தத்தின் மதிப்பை அடிக்கிற கையை வைத்துக் குறைக்கலாம், ஒட்டுகிற பேரை வைத்துக் கூட்டலாம் என்பதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

கிட்டாரையும் அப்படியே பாருங்க. அம்ப்ளிஃபயரில் சொருகாமல் ஒரு தரம் மீட்டுங்க. ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, எங்கேயாவது கம்பி இரைகிறதா என்று கேளுங்க. கழுத்தை நீளவாக்கில் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்க. நல்ல நிலையில் இருக்கிற பழைய யமஹா பசிஃபிக்காவோ ஸ்குவையரோ கிடைத்தால் தயங்காதீங்க. மிச்சப்படுகிற காசில் புதுக் கம்பியும் சின்ன அம்ப்ளிஃபயரும் வாங்கலாம்.

அப்புறம் தலையைத் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்று வாசியுங்க. உடப்புசல்லாவைத் தேயிலைக்கும் உலகச் சந்தையில் ஒரு பேர் இருக்கிறது. கொழும்பு ஏலத்தில் விலைபோய், வேறு பேர் ஒட்டிய பெட்டியில் ஏறுகிறபோது, கொழுந்து கிள்ளினவர் போட்ட பேர் அதில் தெரியாது. கையில் இருக்கிற கிட்டாரிலும் அப்படித் தெரியாத ஒரு ஆள் இருக்கிறார். அடுத்த தரம் யாராவது "இது ஒரிஜினலா?" என்று கேட்டால், இதைச் செய்தவருக்கு எத்தனை பேர் விழுந்திருக்கும் என்று திருப்பிக் கேளுங்க.