மண்டை நாயும் மகர்நோன்புப் பொட்டலும்: செட்டிநாட்டுச் சீமையில் வேட்டை உரிமை

இடைக்கால ஐரோப்பாவில் வேட்டை, யார் மேலோர் யார் கீழோர் என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்த ஏற்பாடு. இங்கிலாந்தில் 1217இல் வெளியான காட்டுச் சாசனத்தின்படி, அரச காட்டை ஒட்டி வாழ்ந்த குடியானவர்களின் நாய்களுக்கு முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். வெட்டாத நாய் கண்ணில் பட்டால் மூன்று ஷில்லிங் தண்டம். ஓட முடியாத நாய் மானைத் துரத்தாது என்பதே கணக்கு. 1390இல் இரண்டாம் ரிச்சர்டின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் நில வருமானம் இல்லாத குடிமகன் வேட்டை நாயே வைத்திருக்கக் கூடாது என்றது. பறவை வேட்டையும் பெருஞ்செலவுக்காரர்களின் கலையாகவே வளர்ந்தது. புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 13ஆம் நூற்றாண்டில் வல்லூறு பழக்கும் கலைக்குத் தனியாக ஒரு பெரு நூலே எழுதினார்.

இந்தியாவிலும் அரண்மனைகளுக்கு இந்தக் கலை தெரியும். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம், அரசனின் பொழுதுபோக்குகளில் பருந்து வேட்டைக்கும் நாய் வேட்டைக்கும் இடம் தருகிறது. ஆனால் காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று விரியும் செட்டிநாட்டுச் செம்மண் சீமையின் வேட்டை வரலாற்றை அரண்மனை நூல்களிலிருந்து எழுத முடியாது. சங்கப் பாட்டு, புராணம், ஊர்த் திருவிழா, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் நினைவுக் குறிப்பு ஆகியவற்றிலிருந்தே எழுத வேண்டும். இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், வேட்டை என்கிற ராஜ உரிமை இங்கே கடைசியில் சாமியிடம் போய்ச் சேர்ந்ததும், வேட்டை நாய் குடியானவன் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டதும் தெரிகிறது.

பழைய சான்றிலிருந்து தொடங்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் முயல் வேட்டைக் காட்சி ஒன்று உண்டு. வேடர்கள் புதர்களைச் சுற்றி வலை கட்டுகிறார்கள். நாய்களை உள்ளே விட்டுக் கலைக்கிறார்கள். வெளியே பாயும் முயல் வலையில் விழுகிறது. கிரேக்கர் செனபன் தம் வேட்டை நூலில் விவரிக்கும் முயல் வேட்டையும் ஏறக்குறைய இதேதான். வேறுபாடு ஆள்களில் இருக்கிறது. செனபன் எழுதியது வசதியுள்ள இளைஞர்களின் பயிற்சிக்காக. தமிழ்ப் பாட்டில் வருபவர்கள் பிடித்ததைச் சமைத்துப் பகிர்ந்து உண்ணும் காட்டுக் குடிகள். அரசன் அந்தக் காட்சியில் எங்கும் இல்லை.

நாய்க்கு இருந்த மதிப்புக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறுப்பூசலில், அதாவது ஆநிரைக்காக நடந்த சண்டையில், இறந்த வீரனோடு, இரண்டு கள்வரைக் கடித்து நின்ற அவனுடைய நாயையும் அது காட்டுகிறது. நாயின் பெயர் கோவிவன் என்று பொறித்தும் வைத்திருக்கிறார்கள். இது வேட்டைக் கல் அல்ல, ஆநிரை காத்த கல். ஆனாலும் 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் கல்வெட்டில் ஏறியது சாதாரண விஷயமில்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டும் திண்ணனாரின், அதாவது கண்ணப்பரின், கன்னி வேட்டை 12ஆம் நூற்றாண்டுச் சித்திரம். அங்கேயும் வலை, நாய், வில், கூட்டமாகச் சுற்றி வளைப்பது என்று எல்லாம் இருக்கின்றன. கையில் ஏந்திய வல்லூறு இல்லை. வேடர்கள் யானைக் கன்றைத் தொடர்வதில்லை, சிறு குட்டிகளைக் கொல்வதில்லை, சினையாக இருக்கும் பிணையைத் தொந்தரவு செய்வதில்லை என்று சேக்கிழார் சொல்லும் இடம் என்னை மிகவும் கவர்ந்தது. இங்கிலாந்தில் மான்கள் குட்டி ஈனும் பருவத்தில் காட்டை மூடிவைக்க அரச அதிகாரி தேவைப்பட்டான். இங்கே அதே கட்டுப்பாட்டைச் சேக்கிழார் வேடர்களின் சொந்த ஒழுக்கமாகவே வைக்கிறார்.

சிவகங்கைச் சீமைக்குள் வந்தால் நமக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ். கம்பெனிப் படையின் இளம் அதிகாரியாக 1795 வாக்கில் இந்தப் பக்கம் இருந்தவர். 1830இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர், சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது என்று அவரே எழுதுகிறார். பெரிய மருது நிர்வாகத்தில் தலையிடாமல் வேட்டையிலேயே மூழ்கியிருந்ததாகவும், ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைக்கும் வலிமை உள்ளவர் என்றும் சொல்கிறார். வெள்ளை அதிகாரிகள் வேட்டைக்குப் போக விரும்பினால் பெரிய மருதுவிடம்தான் கேட்பார்கள். அவர் ஈட்டிக்காரர்களோடு வந்து அவர்களுக்குக் காவலாக நிற்பார். புலி தென்பட்டால் முதலில் பாய்பவர் அவரே. இதே வெல்ஷ் 1801இல் மருதுவின் படைக்கு எதிராகப் போரிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 24இல் சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்தத் தூக்குமேடையோடு வேட்டையின் ஒரு கட்டம் முடிந்துவிட்டது. பாளையக்காரர் படைகள் கலைக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, சிவகங்கை ஜமீன் ஆனது. 1878இன் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. நாய்க்கு மட்டும் யாரும் உரிமம் கேட்கவில்லை. இந்தப் பக்கத்து வேட்டை மரபு 20ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. வளரியும் ஈட்டியும் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும், குடியானவன் கையில் மிஞ்சிய வேட்டைக் கருவி அவன் நாய்தான்.

அந்த நாயைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தென்பாண்டி நாட்டின் கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு நீண்ட ஒடுங்கிய முகம், ஆழமான நெஞ்சு, முதுகோடு ஒட்டிய வயிறு, நெடிய கால்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. வெயில் காய்ந்த செம்மண்ணில் மோப்பம் நெடுநேரம் தங்காது. எட்டும் தூரம் வரை மறைப்பில்லாத பொட்டலில் கண்தான் உதவும். நாயின் உடம்பை நிலமே செதுக்கியிருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக்கு உரியதாகச் சொல்லப்படும் மண்டை நாய் வேறு வார்ப்பு. பெருந்தலையும் கனத்த உடம்புமாக, முயலைவிடப் பன்றிக்கு எதிரே நிற்கத் தக்கது.

இனி சாமியிடம் போன வேட்டை. விஜயதசமி அன்று காரைக்குடியிலும் நகரத்தார் ஊர்களிலும் சாமி குதிரை வாகனத்தில் ஊர்ப் பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு விடும் சடங்குக்கு மகர்நோன்பு என்று பெயர். காரைக்குடியில் அந்த இடமே மகர்நோன்புப் பொட்டல். விஜயநகரத்து மகாநவமியிலிருந்து நாயக்கர், சேதுபதி வழியாக இறங்கி வந்த அரச சடங்கு இது. அரசன் போன பிறகும் அம்பு நிற்கவில்லை. விடுகிறவர் மாறினார், அவ்வளவே. அய்யனாருக்கு வேளார்கள் சுட்டுத் தரும் மண் புரவிகளோடு மண் நாய்களையும் கோயில்களில் காணலாம். இரவில் ஊர் சுற்றி வேட்டையாடும் காவல் தெய்வத்துக்கு நாய் இல்லாமல் முடியுமா? நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டியில், நாயை வாகனமாகக் கொண்ட வைரவருக்கே தனிச் சிறப்பு. வட்டிக்கடை நடத்தப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய வணிகக் குடி, வேடனின் துணையான நாயை இப்படித் தன் வழிபாட்டுக்குள் வைத்திருந்தது.

சிவராத்திரியை ஒட்டி ஊரே கூடிப் போகும் பாரிவேட்டையில்தான் சாமியும் குடியானவனும் சந்தித்தார்கள். கம்பும் நாயுமாகப் புறப்பட்டு, கிடைத்த முயலை ஊருக்குப் பங்கு போடுவது வழக்கம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாயை விட்டுத் துரத்துவதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. 1991 திருத்தத்துக்குப் பின் முயலும் முழுத் தடைக்குள் வந்தது. தடை வேண்டியதுதான், முயலும் கௌதாரியும் குறைந்துபோன காட்டில் பழக்கத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் நாய் வேட்டைக்குத் தடை 2005இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் செட்டிநாட்டில் நாய் வேட்டையை முடித்து வைத்ததில் சட்டத்துக்குச் சமமான பங்கு சீமைக்கருவேலுக்கும் உண்டு. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அது கண்மாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் பரவி, பார்வைக்குத் திறந்து கிடந்த பொட்டல்களை முள்ளடர்ந்த புதராக்கிவிட்டது. அதற்குள் முயல் நுழைந்தால் கன்னி நாய்க்குக் கண் தெரியாது, கால் நீட்டி ஓடவும் இடமில்லை. ஓட்டத்துக்காகத் தேர்ந்து வளர்த்த நாய்களை இப்போது தோப்புக் காவலுக்கும் கண்காட்சிக்கும் வளர்க்கிறார்கள். எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்பதை முன்பு பொட்டலில் ஓடவிட்டுத் தீர்மானித்தார்கள். இன்று நிறமும் உயரமும் தீர்மானிக்கின்றன.